இருபத்து மூன்றாவது சவாரி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெர்னா ஸ்டோல்ஸ் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுவாள். மழையா, பனியா, காய்ச்சலா, எதுவும் அவளைத் தடுத்ததில்லை. கையில் நோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. விளையாட்டு அணிப் பிள்ளைகளின் கார் எண்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவாள். போன வாரம் இல்லாத கார் இந்த வாரம் நின்றால் அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும். யார் வாங்கிக் கொடுத்தது? மாமா கொடுத்தார் என்று பையன் சொன்னால் அந்த மாமாவுக்குப் போன் போடுவாள். மாமா எடுத்துப் பேசினால், இவர் நிஜ மாமாதானா என்று அத்தைக்குப் போடுவாள்.

ஹார்லன் ஃபோர்க் பல்கலைக்கழகத்தின் விதிக் கண்காணிப்பு அதிகாரி அவள். கல்லூரிக்காக ஆடுகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. படிப்பு, தங்க இடம், சாப்பாடு. அதற்கு மேல் யாரிடமும் ஒரு சென்ட் வாங்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சட்டம். வாங்கினால் ஆட்டம் போச்சு. சங்கத்தின் விதிப் புத்தகம் நானூறு பக்கம். காலையில் பிள்ளைகளுக்குப் பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதில் பாலாடை தடவிக் கொடுத்தால் அது சாப்பாடு, சாப்பாடு என்றால் குற்றம் என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் வெர்னா வெண்ணெய்க் கத்தியைப் பூட்டி வைத்திருந்தவள். அதே நிறுத்துமிடத்தில் பெண்கள் கூடைப்பந்துக் கோச் டீக்கின் பளபளக்கும் கறுப்புக் கார் நிற்கும். ஊர்க் கார் வியாபாரி இனாமாகக் கொடுத்தது. கோச்சுக்குக் கொடுக்கலாம், விதி இருக்கிறது, படிவமும் இருக்கிறது. அதன் எண்ணை வெர்னா எழுதுவதில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்றாலும், சம்பளம் இல்லாத நேரத்திலும் அவள் அதை விட்டதில்லை. கட்டிய புருஷன் பூங்கொத்து வாங்கி வந்தபோது, எதற்காக என்று கேட்டாள். அவர் சும்மா என்றார். சும்மா யாராவது எதையாவது கொடுப்பார்களா? அவர் அவளை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

2008 ஜனவரி இருபத்து நாலாம் தேதி, வியாழக்கிழமை. அன்று பெண்கள் அணிக்குப் பயிற்சி இல்லாத நாள். மூன்று மணிக்கு வெர்னா வங்கிக்குப் போகும் வழியில், மேப்பிள் தெருவில் ஒடெஸா மேஃபீல்டைப் பார்த்தாள். ஆறடி மூன்று அங்குலம் உயரம், யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. அணியின் நடு ஆட்டக்காரி, மூன்றாம் வருஷம், மெம்ஃபிஸ்காரி. ஒரு கிழவரின் சாம்பல் நிற ப்யூக் காரில் குனிந்து ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு காலிப் பைகள் கையில். ஐந்தரைக்கு வெர்னா திரும்பும்போது அதே கார், அதே இடம், அதே பெண். பைகள் மட்டும் பிதுங்கிக்கொண்டிருந்தன.

வெர்னா காரை ஓரம் கட்டி எண்ணைக் குறித்தாள். மறுநாள் காலை கொடையாளர் பட்டியலைப் புரட்டினாள். இருந்தது. ஆர்வில் நைக்விஸ்ட், ஓய்வு பெற்ற தபால்காரர், வயது எழுபத்து நாலு, கூடைப்பந்து ஆதரவாளர் மன்றத்துக்கு வருஷம் இருபத்தைந்து டாலர். இருபத்தைந்து என்றாலும் இருபத்தைந்து லட்சம் என்றாலும் சங்கத்துக்குக் கொடையாளர் கொடையாளர்தான். அவர் கையிலிருந்து ஆட்டக்காரி ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் தப்பு.

கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெர்னா அப்படிச் செய்கிறவள் இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள், கதையைச் சேர்த்துக்கட்டிக்கொள்வார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பையில் என்ன? துணியா, பணமா? தபால்காரர் வெறும் தரகராக இருந்து, பின்னால் பெரிய முதலை யாராவது இருந்தால்?

அடுத்த வியாழன் எதிர்ப்புறக் காப்பிக் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கடுத்த வியாழனும் பார்த்தாள். நோட்டில் தேதி, நேரம், பைகளின் நிறம் வரை ஏறியது. கிழவர் கதவைத் திறந்து விடுகிற விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு மரியாதை எதற்கு?

பிப்ரவரி பதினாலாம் தேதி பின்தொடர்ந்தே போனாள். ப்யூக் நாலரை மைல் தள்ளி, தானியக் கிடங்குகளைத் தாண்டி, ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பின்பக்கம் நின்றது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளில் ஒரு வரிசை. கைக்குழந்தைக்காரிகள், ஊன்றுகோல் வைத்தவர்கள், இறைச்சி ஆலைச் சீருடையிலேயே வந்த இரண்டு பேர். வரிசையின் கடைசியில், எல்லார் தலைக்கும் மேலே தலை தெரிய, எண் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒடெஸா நின்றாள். கிழவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் பீன்ஸ் டின்களை அடுக்க ஆரம்பித்தார். இலவச உணவுக் கூடம்.

வெர்னா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். இதிலும் ஏதாவது இருக்கும் என்று அரை மணி நேரம் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரவழைத்தாள். ஒடெஸா நாற்காலி போதாமல் காலை மடக்கி உட்கார்ந்தாள். நைக்விஸ்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“உனக்கு முழு ஸ்காலர்ஷிப் இருக்கு. அப்புறம் எதுக்கு அங்க போய் நிக்கறே?” என்றாள் வெர்னா.

“நான் வெளிய ரூம் எடுத்து இருக்கேன், மேடம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செக் குடுக்கறாங்க. அதுல பாதிய வீட்டுக்கு அனுப்பிடறேன். அம்மா ஆஸ்பத்திரி லாண்டரில வேலை பாக்கறாங்க, வேலை நேரத்த பாதியா குறைச்சுட்டாங்க. கீழ தம்பி, தங்கச்சி ரெண்டு பேரு.”

“வேலைக்குப் போகலாமே?”

“எப்போ? காலைல ஆறு மணிக்கு பயிற்சி, அப்புறம் கிளாஸ், சாயங்காலம் மறுபடி பயிற்சி. நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க, போறேன்.”

வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா என வெர்னா பேச்சோடு பேச்சாகப் புத்தகத்தைப் புரட்டினாள். இல்லை. உணவுக் கூடத்துச் சாப்பாடும் குற்றமில்லை, அது ஊரில் வசதி இல்லாதவர்கள் எல்லாருக்கும் கிடைப்பது. டின் தப்பில்லை, மக்ரோனி தப்பில்லை, கடலை வெண்ணெய் தப்பில்லை. தப்பு ஒன்றே ஒன்றுதான். சவாரி. கொடையாளர் ஒருவர் ஆட்டக்காரியைக் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

“நான் எப்படியும் அங்கதாம்மா போறேன்,” என்றார் நைக்விஸ்ட். “ஒம்பது வருஷமா வியாழன் தவறாம போறேன். இவ ஏறினாலும் ஏறலைன்னாலும் பெட்ரோல் அதேதான். பக்கத்து வீட்டுப் புள்ள நடந்து போறத பாத்துட்டு நான் மட்டும் கார்ல போகவா?”

“எத்தனை தடவை?”

கிழவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்தார். உணவுக் கூடத்துக்காக ஓட்டிய மைல்களையெல்லாம் குறித்து வைக்கிற தபால்காரப் பழக்கம். “மொத தடவை ஆகஸ்ட் முப்பது. நேத்தோட இருபத்தஞ்சு. நீங்க நல்லா பாத்துக்குங்க, நான் எதையும் மறைக்கல. எனக்கு இது தப்புன்னே தெரியாது. நான் அந்த இருபத்தஞ்சு டாலர குடுத்ததே இவ ஆடறத பாக்கத்தான்!”

அவர்கள் போன பிறகு வெர்னா கணக்குப் போட்டாள். போக வர ஒன்பது மைல். மைலுக்கு ஐம்பது சென்ட் என்று பல்கலைக்கழகம் வைத்திருக்கிற கணக்கு. ஒரு சவாரி நாலரை டாலர். இருபத்தைந்து சவாரி, நூற்றுப் பன்னிரண்டரை.

சங்கத்தின் கோடு நூறில் இருந்தது. நூறுக்குள் என்றால், அந்தத் தொகையை ஏதாவது தர்மத்துக்குக் கட்டிவிட்டு அடுத்த நாளே ஆடலாம். நூறைத் தாண்டினால் தர்மத்துக்கும் கட்ட வேண்டும், மூன்று ஆட்டம் வெளியேயும் உட்கார வேண்டும். சீசனில் மீதி இருந்ததே நாலு ஆட்டம். அதில் இரண்டு ஜெயித்தால்தான் அணிக்கு மேல் சுற்று. உதவித்தொகையோ வருஷா வருஷம் கோச் கையெழுத்துப் போட்டால்தான் நீளும். மூன்று ஆட்டம் உட்கார்ந்தவளுக்குக் கோச் டீக் கையெழுத்துப் போடுவாரா என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கையெழுத்து இல்லையென்றால் ஒடெஸாவுக்குக் கடைசி வருஷப் படிப்பு இல்லை.

எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போம் என்று கிழவரின் தேதிகளைத் தன் நோட்டோடு ஒப்பிட்டாள். நோட்டில் முதல் பதிவு ஜனவரி இருபத்து நாலு. அது எத்தனையாவது சவாரி? விரல் விட்டு எண்ணினாள். இருபத்து இரண்டாவது. இருபத்து இரண்டு நாலரை, தொண்ணூற்று ஒன்பது.

வெர்னா மறுபடி எண்ணினாள். தொண்ணூற்று ஒன்பது டாலர். அன்றைக்கு மாலையே கார்க் கண்ணாடியை இறக்கி, ஏம்மா, யார் இவர் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இருபத்து மூன்றாவது சவாரியில் அந்தப் பெண் கோட்டைத் தாண்டியபோது, வெர்னா எதிர்க் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பையின் நிறத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

செய்தி கோச்சின் காதுக்கு எப்படிப் போயிற்றோ, மதியமே வந்து நின்றார். நாலு வருஷத்தில் அவர் அவள் அறைக்கு வந்தது இரண்டாவது தடவை. முதல் தடவை காருக்கான படிவத்துக்காக.

“வெர்னா, நீ தங்கமான பொம்பளை,” என்று ஆரம்பித்தார்.

அந்த வார்த்தையிலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அறிக்கையை எழுதப் போறது நீதானே? இருபத்து ரெண்டுன்னு எழுது. அந்தக் கெழவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்தப் புள்ளையும் சொல்லாது. நீ பாத்தது உனக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவ எனக்கு வேணும்.”

“எனக்குத் தெரியும்ங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அட, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா.”

“சும்மாவா?”

கோச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வெர்னா பேனாவை எடுத்தாள். உண்மையைச் சொன்னால், அவர் வருவதற்கு முன்னாலேயே இருபத்து இரண்டு என்று எழுதுவதாகத்தான் இருந்தாள். முப்பது வருஷ வேலையில் முதல் பொய், ஆனாலும் எழுதியிருப்பாள். இப்போது அதே எண்ணை அவர் வாயால் கேட்டதும் கை நின்றுவிட்டது. இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நாளைக்கு இதை வைத்து என்னை மிரட்டமாட்டார் என்று என்ன நிச்சயம்? காப்பிக் கடையில் என்னைப் பார்த்தவர்கள் யார் யார்? யாராவது என்னைச் சோதித்துப் பார்க்கிறார்களோ? கிழவர் அவ்வளவு தயாராகப் புத்தகத்தை எடுத்து நீட்டினாரே, அதன் நகல் எங்கெங்கே இருக்கிறதோ?

எழுதினாள். இருபத்தைந்து.

ஒடெஸா கையெழுத்துப் போட வந்தபோது அறிக்கையை நின்றுகொண்டே, ஒரு வரி விடாமல் படித்தாள். அந்தப் பெண் படிக்காமல் போட்டுவிட்டால் தேவலை என்று வெர்னாவுக்கு இருந்தது.

“ஜனவரி இருபத்து நாலுன்னு போட்டிருக்கே. அன்னிக்கே நீங்க என்னைப் பாத்துட்டீங்களா?”

“ஆமா.”

“அன்னிக்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, மேடம். நான் மறுநாள்ல இருந்தே நடந்து போயிருப்பேன்.”

“உறுதிப்படுத்த வேண்டியிருந்துச்சு.”

“உறுதியாயிடுச்சா?”

வெர்னா அடுத்த தாளைத் தள்ளினாள். “நூத்திப் பன்னெண்டரை டாலர். எந்த தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்டப் போறேன்னு இதுல எழுது.”

ஒடெஸா எழுதினாள். லூத்தரன் தேவாலய உணவுக் கூடம்.

“ஏன் அங்க?”

“அங்கதானே சாப்பிடறேன். எப்படியும் எனக்கே திரும்பி வந்துடும்ல?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வெர்னாவுக்குப் பங்கு இல்லை.

பணத்தை ஒடெஸா இரண்டு தவணையாகக் கட்டினாள். அந்த மாதம் மெம்ஃபிஸுக்குப் போனது குறைந்திருக்கும், வெர்னா விசாரிக்கவில்லை. மூன்று ஆட்டத்துக்கும் ஒடெஸா பெஞ்சின் கடைசியில் குளிர்கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அணி மூன்றிலும் தோற்றது. நைக்விஸ்ட் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் எதிர்ப்பட்டபோது வெர்னா தலையாட்டினாள். அவர் தொப்பியைத் தொடவில்லை. தபால்காரர்களுக்கு அப்படி மரியாதையை விடுவது சுலபத்தில் வருவதில்லை.

வியாழக்கிழமைகளில் ஒடெஸா நடக்க ஆரம்பித்தாள். ப்யூக் முன்னால் போய்விடும், அவள் பின்னால் நடந்து போவாள். இதை வெர்னா பார்க்கத்தான் செய்தாள். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, அடுத்த வருஷத்துக்கான உதவித்தொகைப் பட்டியல் கோச் அலுவலகத்திலிருந்து வெர்னாவின் மேசைக்கு வந்தது. பதினோரு பெயர். அவள் மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். ஒடெஸா மேஃபீல்ட் இல்லை. திங்கட்கிழமை கடிதம் போகும், அதுவரை யாரிடமும் பேசக் கூடாது என்று மேலே முத்திரை குத்தியிருந்தது.

அன்றைக்கு அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கோச்சுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று பத்து மணிக்கு நினைத்தாள். சொன்னால் யார் சொன்னது என்று வரும். பன்னிரண்டு மணிக்கு மறுபடி நினைத்தாள். தப்பாக இருந்து, நாளைக்குத் திருத்திய பட்டியல் வந்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் உறுதிப்படட்டும் என்று இருந்தாள். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கான்சஸ் ஏப்ரல் மழை, காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை. ஆறு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள்.

தானியக் கிடங்குகளையெல்லாம் தாண்டி ஒடெஸா ஊரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பை. நனையாமல் இருக்கப் பைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தாள், தன்னை எதிலும் சுற்றிக்கொள்ளவில்லை. வெர்னா காரைத் திருப்பி அவள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“ஏறும்மா.”

ஒடெஸா நின்றாள். காரைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள், பக்கத்துச் சீட்டில் கிடந்த நோட்டைப் பார்த்தாள்.

“இது என்ன, டெஸ்ட்டா?”

“டெஸ்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மழை கொட்டுது, ஏறு.”

“நீங்க காலேஜ் ஆளு. உங்க கார்ல ஏறினா அதுக்கும் நாலரை டாலர் போடுவீங்க. வேணாம் மேடம். இனிமே என் பேர்ல ஒரு புகாரும் வரலைன்னா கையெழுத்து போடறேன்னு கோச் சொல்லியிருக்காரு. ஏழு வாரமா ஒருத்தர்கிட்ட ஒரு சூயிங்கம் கூட வாங்கல நான். நான் வேணாம்னு சொன்னேன்னு உங்க நோட்டுல எழுதிக்குங்க. டைமும் போட்டுக்குங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். வெர்னா காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, அலுவலகச் செருப்பு சேற்றில் புதைய, பின்னால் ஓடினாள்.

“ஒடெஸா! ஏறிக்கோம்மா. இனிமே அதனால ஒண்ணும் ஆகப் போறதில்ல.”

ஒடெஸா திரும்பினாள். மழைத் தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் போனது, அவள் துடைக்கவில்லை. வெர்னாவின் முகத்தில் இருந்ததை அவள் படித்தாள். அன்றைக்கு அறிக்கையைப் படித்த மாதிரியே, ஒரு வரி விடாமல் படித்தாள்.

“லிஸ்ட் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“எப்போ?”

பொய் சொல்லலாம் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. ஐந்து மணிக்கு என்று சொல்லலாம், யாருக்குத் தெரியும்?

“காலைல. ஒம்பதரைக்கு.”

ஒடெஸா தலையை ஆட்டினாள். அழுவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“காலைலயே சொல்லியிருக்கலாமே, மேடம்,” என்றாள் ஒடெஸா. “நைக்விஸ்ட் தாத்தாவோட கார்லயே வந்திருப்பேன். போக நாலரை, வர மூணு. ஏழரை மைல் நடந்துட்டேன்.”

“மிச்ச தூரமாவது...”

“ஒண்ணரை மைல்தானே. நானே நடந்துக்கறேன்.”

பைகளைக் கை மாற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். நெடிய கால்கள், சீக்கிரத்திலேயே தூரமாகிவிட்டாள். வெர்னா கதவு திறந்து கிடந்த காருக்குத் திரும்பி வந்து, ஈரச் சீட்டில் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, யாரையும் அல்ல, தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.